பச்சைச் செம்பருத்தி

ஹாலில் மூன்று பேர் இருந்தார்கள். சன்னலோர மேசையில் அவர். எதிரே கட்டிலில் மகள் கோமதி. வாசல்பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு மருமகன் ஆவுடையப்பன்.

அவருக்குப் பக்கத்து நாற்காலி காலி.

தூரிகையைத் தண்ணீரில் விட்டார். எடுத்தார். மறுபடி விட்டார்.

பிறந்ததிலிருந்து அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். தலைதீபாவளிக்குச் சிவப்பு என்று நினைத்துப் பச்சைப் புடவை வாங்கி வந்தார். மனைவி செண்பகவடிவு அதைக் கட்டிக்கொண்டு, "செவப்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அவர் பூக்கள் வரையத் தொடங்கியபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள். அவள் விரல் எந்த வண்ணக் கட்டியைத் தொடுகிறதோ, அதில் அவர் தூரிகை இறங்கும். பெட்டியின் வரிசையை அவர் மனதில் வைத்ததே இல்லை.

போன மாதம் நூலகத்தில் அந்தப் படங்களை மாட்டி விழா நடத்தினார்கள். கூட யாராவது உதவியா என்று மேடையில் கேட்டார்கள்.

"எல்லாம் என் கைதான்" என்றுவிட்டார்.

முன்வரிசையில் அவள்.

மறுநாளே கோவில்பட்டிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றுவரை போனை எடுக்கவில்லை.

இப்போது வரைவது கொல்லைச் செம்பருத்தி. கோமதி வயிற்றில் இருந்தபோது அவள் நட்டது. இதழின் மடிப்பு ஒவ்வொன்றும் கண்ணை மூடினாலும் அவருக்கு வரும்.

நிறம்தான்.

கோமதியிடம் கேட்கலாம். வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஒரு கட்டியைத் தொட்டுப் பூவுக்கு வைத்தார். இன்னொன்றைத் தொட்டு இலைக்கு.

கோமதி எட்டிப் பார்த்தாள்.

"யப்பா, பூவு பச்சையா இருக்கு. எலையெல்லாம் செவப்பு."

"அத்தை பாத்தா சிரிச்சிருவாக, மாமா" என்றார் ஆவுடையப்பன்.

"தாங்கப்பா, நான் மாத்தித் தாரேன்."

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஈரம் விரலில் ஒட்டியது. எந்த நிறமோ.

"வேண்டாம்மா."

காயும்வரை இருப்புக்கொள்ளவில்லை. சன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தார். விசிறியை எடுத்து விசிறினார். பாதி ஈரத்திலேயே மடித்து உறைக்குள் வைத்தார். ஒரு வரிகூட எழுதவில்லை. கோந்து தடவி அழுத்தி, தபால்தலை ஒட்டினார். கோவில்பட்டி முகவரி மட்டும் எழுதினார்.

"அனுப்புறவங்க பேரு போடலியேப்பா?"

"பிரிச்சா தெரியும்."

செருப்பு போடாமலே வெயிலில் இறங்கினார்.

தெருமுனையில் தபால்பெட்டி. சிவப்பு என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

உறையை உள்ளே தள்ளினார்.