யுகேந்திரனின் ஓட்டு

"அஞ்சரைக்கு மூடிடுவாங்க தம்பி. சட்டைய மாட்டிக்கிட்டு வா, காடி கீழதான் நிக்குது."

கதவுக் கம்பியைப் பிடித்தபடி காளிமுத்து மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார். யுகேந்திரன் நாற்காலியை விட்டு அசையவில்லை.

மலேசியாவில் டுரியான் துங்காலுக்குப் பக்கத்தில் இருந்த அந்த அடுக்குமாடியில் பாதிப் பேர், தாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை விற்றபோது வெளியேறி வந்தவர்கள். காளிமுத்துவும் அப்படி வந்தவர்தான். லோரி ஓட்டி ஓய்ந்தவர், வயது அறுபத்து மூன்று. ஐந்து பொதுத்தேர்தலாகத் தன் கட்சிக்குக் கொடி கட்டுவது, வீடு வீடாக ஏறி இறங்குவது, நடக்க முடியாதவர்களைத் தன் பழைய காரில் வாக்குச் சாவடிக்குக் கொண்டுபோய் விடுவது எல்லாம் அவர்தான். இன்று மட்டும் பதினேழு பேரை ஏற்றி இறக்கிவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன் எதிர்வீட்டுக்குக் குடிவந்த யுகேந்திரன்தான் பாக்கி.

அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. மகள் பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் ஒன்பது ஏ வாங்கியும், பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் அரசு மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. மேல்முறையீட்டுக்கு ஒரே வரியில் பதில் வந்தது. இப்போது மலாக்காவில் ஒரு பேரங்காடியில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள்.

"நாலு தலைமுறையா இங்கதான் கெடக்குறோம். கோவம் வந்தா வந்தேறிங்கிறான், தேர்தல் வந்தா சகோதரன்கிறான். நூத்துக்கு ஏழு பேரு நாம. எவன் ஆண்டா நமக்கு என்னாண்ணே?"

போன தடவை நூற்றுப் பதினொரு ஓட்டில்தான் தோற்றோம் என்று காளிமுத்து எடுத்துச் சொன்னார். அந்த நூற்றுப் பதினொரு பேரும் இதே மாடிகளில் டிவி பார்த்துக்கொண்டு இருந்தார்கள் என்றும் சொன்னார்.

"விடுங்க லா அண்ணே. ஒரு ஓட்டுல என்னா ஆகப் போவுது?"

காளிமுத்து கம்பிக்குள் கையை நீட்டினார்.

"உன் கையப் புடிச்சிக் கேக்குறேன்பா. வந்து போட்டுட்டுப் போயிடு."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. யுகேந்திரனுக்குச் சங்கடமாகிவிட்டது. அதற்குமேல் மறுக்க முடியாமல் சட்டையை எடுத்தான்.

பள்ளிக்கூடத்து வாசலில் அவனை இறக்கிவிட்டு, காளிமுத்து காருக்குள்ளேயே காத்திருந்தார். மலாய்க் குடும்பம் ஒன்று மை வைத்த விரல்களைச் சேர்த்து வைத்துப் படம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பின்னால் ஒரு சீனக் கிழவரைப் பேரன் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனான். காளிமுத்து அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து யுகேந்திரன் வந்து ஏறினான். விரலில் மை ஈரமாக இருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு.

"சீட்டு முழுக்கக் குறுக்க ஒரு கோடு கிழிச்சிட்டேண்ணே. எவனுக்கும் இல்ல. இப்பத்தான் மனசு ஆறிச்சி."

காளிமுத்து சாவியைத் திருகப் போனவர் அப்படியே நிறுத்திவிட்டார். யுகேந்திரனின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"கோவிச்சிக்காதீங்கண்ணே. நான் போடாட்டி என்னா, நீங்க போட்டிருப்பீங்கள்ல? காலையிலயே போட்டுட்டீங்களா?"

அந்த அடுக்குமாடியில் யாரிடமும் சொல்லாததை, வெட்கத்தால் இத்தனை வருடமாக மறைத்ததை, காளிமுத்து பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"பொறந்தது இங்கதான் தம்பி, தோட்டத்து லயத்து வீட்டுல. அப்பா பொறப்பப் பதியாம வுட்டுட்டாரு. குடியுரிமைக்கு ஏழு தடவ எழுதிப் போட்டேன், இன்னும் குடிமகன் இல்லாதவனுக்குக் குடுக்குற செவப்பு ஐ.சி.தான். ஓட்டுச் சீட்டு எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது."