மனம் நோகாத புத்தகம்

இன்பவல்லி தன் நாவலைத் தானே வெளியிட்ட மறுநாள், தங்கை அமுதா போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரே மூச்சுல படிச்சுட்டேன். அந்தத் தங்கச்சியை எவ்வளவு நல்லவளா எழுதியிருக்க! கடைசிவரைக்கும் அப்பா பக்கத்துலயே இருக்காளே!"

இன்பவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் எழுதிய தங்கை, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவள். அமுதாவிடம் அதை நேரில் கேட்க வாய் வராமல்தான் நாவலாகவே எழுதினாள். ஆனால் இப்போது இணையத்தில் விற்கும் புத்தகம் எதுவானாலும், யார் திறந்தாலும் அவர் மனம் நோகாதபடி தன் கதையைத் தானே மாற்றிக்கொள்ளும்; மாறாததை எந்தத் தளமும் விற்பதில்லை.

எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பார்ப்பது அவள் வழக்கம். இத்தனை நாளும் சுவர்தான் கேட்டது. கையெழுத்துப் பிரதியை எடுத்தாள்.

"அமுதா, போனை வச்சுடாத. ஒரு அத்தியாயத்தை நானே வாசிக்கிறேன், கேளு."

வாசித்தாள். வார்டு கதவு திறக்கும்போதெல்லாம் சின்னவளோ என்று அப்பா தலையைத் தூக்கிப் பார்க்கும் இடம் வந்ததும் நிறுத்தினாள். அமுதா போனை வைத்துவிட்டாளோ?

"அக்கா," என்றாள் அமுதா. "அப்பா என்னையத் தேடுனாரா?"