புரூனோவின் குறை

சுவிஸ் ஜூரா மலைப் பண்ணையில் இனவிருத்திக்கு விடும் ஆண் குதிரைகளைக் காட்டும் நாள். புரூனோவின் கடிவாளத்தைப் பிடித்தபடி நின்ற ஸ்ரான்லியிடம், லாங்கன்தால் நகரிலிருந்து வந்த பேர்சி கேட்டார்.

"பரம்பரை எப்பிடி, தம்பி?"

"திறமான பரம்பரை, அண்ணை. தகப்பன் பரிசெடுத்த குதிரை."

"கடிக்குமோ?"

"என்ரை சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் கடிக்கும்."

"குறை ஒண்டுமில்லையோ?"

முதலாளி காது கேட்கும் தூரத்தில் நின்றார். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது.

"இடி இடிச்சா எனக்குப் பின்னால வந்து ஒளியும், அண்ணை."

"மற்றாக்கள் மறைக்கிறதையெல்லாம் சொல்லுறீர்!"

"உங்கட பெட்டைக் குதிரை எங்கை?"

"என்னட்டைக் குதிரையே இல்லை. கலியாண வயசில ஒரு மகள்தான் இருக்கிறாள். தரகர் உம்மட பேரைத் தந்தவர். அதுதான் சொல்லாமல் வந்து பார்த்தனான்."

ஸ்ரான்லி அவசரமாகத் தலையிலிருந்த வைக்கோலைத் தட்டினான்.

"எனக்கு இடிக்குப் பயமில்லை, மாமா."