பின்சீற்றுக்கு மட்டும் சூடு

யாழ்ப்பாணத்தில் கார் சீற்றைச் சூடாக்க விரும்புகிறவர், காரை வெயிலில் நிறுத்திவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் போதும். அதற்கு யாரும் இதுவரை மின்சாரம் கேட்டதில்லை.

அருளம்பலம் கேட்டார்.

கோப்பாய்க்கும் புத்தூருக்கும் இடையில் யார் கூப்பிட்டாலும் ஓடுகிற வாடகைக் கார் அவருடையது. முப்பது வயது ஒஸ்ரின். இடப்பக்கக் கதவைக் கயிறுதான் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காருக்குத்தான், சித்திரை மாத நடுப்பகலில், சூடேறும் சீற்று.

ஜேர்மனியிலிருந்த மகன், ரேப் ரெக்கோடர் அனுப்பவா என்று கேட்டு எழுதினானாம். அது வேண்டாம், உங்கே கார்ச் சீற்றுக்குப் போடுகிற சூட்டு மெத்தை ஒன்று அனுப்பு என்று இவர் பதில் போட்டாராம். ஊர் சிரிப்பதற்கு அந்தக் கடிதம் போதுமாயிருந்தது.

புத்தூர்ச் சந்தியில் மெக்கானிக் முத்துக்குமாரு பின்சீற்றைக் கழற்றி, றெக்சினுக்கு அடியில் மெத்தையை விரித்தான். பற்றரிக்கு வயர் இழுத்தான்.

"அண்ணை, கடைசியாக் கேக்கிறன். பின்னுக்குத்தானோ? நீங்கள் இருக்கிறது முன்னுக்கெல்லே?"

"பின்னுக்குத்தான்."

"ஆருக்குக் குளிருது?"

"குளிருறவைக்கு."

எதிர்த் தேத்தண்ணிக் கடையின் வாங்கில் பலகை, அதில் குந்தியிருந்தவர்களோடு சேர்ந்து, இதற்காகவே காத்திருந்தது.

"அருளம்பலம் அண்ணை, இடியப்பத் தட்டைக் கொண்டுவந்து வைக்கட்டோ? ரவுணுக்குப் போய்ச்சேர அவிஞ்சிடும்."

"மூடி தேவையில்லை. மேலை ஒராள் இருந்தால் சரி," என்றார் பக்கத்திலிருந்தவர்.

அப்போதுதான் குடையோடு தம்பிராசா வந்தார். கிராம அதிகாரி வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஒன்பது வருடமாகியும் ஊருக்கு இன்னும் அவர்தான் விதானையார். அடுத்த மாதம் அவருடைய இளைய மகளுக்குக் கலியாணம். பொம்பிளை மாப்பிளைக் காராக இந்த ஒஸ்ரினைத்தான் சொல்லியிருந்தார். அந்த ஓட்டத்தை நம்பி அருளம்பலம் இரண்டு புது ரயருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

"அருளம்பலம், உமக்கு விசரோ? பட்டுடுத்த பிள்ளையள் அடுப்புக்கு மேலையோ இருக்கிறது?"

"சுவிச்சைப் போட்டால்தான் சுடும், ஐயா. கலியாணத்தண்டு போடமாட்டன்."

"மகன் வெளிநாட்டிலை எண்டு ஊருக்குக் காட்ட வேறை வழி இல்லையோ? ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டிருக்கலாம். வயரும் தேவையில்லை."

வாங்கில் குலுங்கிச் சிரித்தது. விதானையாருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"என்ரை மூத்தவள் பிள்ளைத்தாய்ச்சி. கிளினிக்குக்கும் உந்தக் காரிலைதான் போறவள். அவளையும் இருத்தி அவிக்கப் போறீரோ? இப்பவே கழட்டும். இல்லாட்டில் கலியாணத்துக்குக் கொடிகாமத்திலை கார் பிடிக்கிறன்."

முத்துக்குமாரு ஸ்குறூ றைவரை நிறுத்திவிட்டு அருளம்பலத்தைப் பார்த்தான். கழற்ற ஐந்து நிமிடம் போதும்.

அருளம்பலம் தோளிலிருந்த துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"கலியாணத்துக்குக் கொடிகாமத்துக் காரைப் பிடியுங்கோ, ஐயா. மூத்தபிள்ளைக்கு ஏதும் அந்தரமெண்டால் மட்டும் என்னைக் கூப்பிடுங்கோ. எந்த நேரமெண்டாலும்."

"உந்த நெருப்புச் சட்டிக்கோ? அவளை மாட்டுவண்டிலிலை ஏத்திக்கொண்டு போவன்!"

விதானையார் குடையை விரித்துக்கொண்டு போனார்.

"கலியாண ஓட்டமும் போச்சு," என்றது வாங்கில். "இனி ஆறுதலாய்க் குளிர் காயலாம்."

வேலை முடிகிற நேரத்தில் மருத்துவமாது மீனாம்பிகை சைக்கிளில் வந்து இறங்கினார். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் காரின் பின்கதவைத் திறந்தார். அருளம்பலம் சுவிச்சைப் போட்டார். கொஞ்சம் பொறுத்து, மீனாம்பிகை சீற்றில் முழங்கையை வைத்துப் பார்த்தார்.

"கூடிப்போச்சு. துவாயை நாலாய் மடிச்சுப் போட்டால் அளவாயிருக்கும்."

"மிஸி, உங்களுக்குமோ குளிருது?" என்றான் முத்துக்குமாரு.

மீனாம்பிகை சிரிக்கவில்லை. வாங்கிலுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கில்லை, தம்பி. மாசம் முந்திப் பிறக்கிற பிள்ளையளுக்கு. அதுகளுக்குத் தங்கடை சூட்டைப் பிடிச்சு வைச்சிருக்கத் தெரியாது. முந்தின வருசம் மார்கழி மழைக்குள்ளை ஒண்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனனான். ஆமிக்காரர் ரோட்டை மறிச்சுச் சுத்த விட்டாங்கள். மூண்டு மணித்தியாலம். என்ரை மடியிலையே விறைச்சுப் போச்சு. உவர்தான் கார் ஓடினவர்."

முத்துக்குமாரு வயரை விட்டுவிட்டு அருளம்பலத்திடம் திரும்பினான்.

"அட கடவுளே! அண்ணை, இதை விதானையாருக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் கலியாண ஓட்டம் தப்பியிருக்குமெல்லே? வாய் மூடிக்கொண்டு ஏன் பேச்சு வாங்கினியள்?"

அருளம்பலம் சுவிச்சை நிறுத்தினார்.

"எப்பிடிச் சொல்ல? குளிராலை போனது எண்டு தெரிஞ்சால், இன்னும் ஒரு துணி சுத்தியிருக்கலாமே எண்டு தாய் சாகுமட்டும் தன்னைத்தான் நோவாள். இருதயக் கோளாறு எண்டுதான் நாங்கள் ரெண்டு பேரும் விதானையார் வீட்டிலை சொல்லி வைச்சிருக்கிறம்."