லான்சருக்கு ஏற்ற ஆள்

"கிலோ கணக்குல பேசறவங்க இந்த கேட்டுக்குள்ள வரவே வேணாம்" என்றார் ஏகநாதன். பழைய இரும்பு வியாபாரி சவுரிமுத்துவுக்குக் கோபமே வரவில்லை. "இன்னா சார், இருபத்தஞ்சு வருசத்து வண்டி. இத்த வாங்கி எவன் ஓட்டப் போறான்?" என்று கேட்டுவிட்டு, விசிட்டிங் கார்டை வைப்பரில் செருகிவிட்டுப் போனார்.

ஏகநாதன் அந்த அட்டையை நாலாகக் கிழித்தார். சேலையூரில் அவர் வீட்டை பில்டரிடம் கொடுத்தாயிற்று, திங்கட்கிழமை இடிக்க வருகிறார்கள். குரோம்பேட்டையில் பிடித்திருக்கும் வாடகை வீட்டில் ஒரு ஸ்கூட்டர் நிறுத்தத்தான் இடம். நாளை ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருடைய மிட்சுபிஷி லான்சர் யார் கைக்காவது போயாக வேண்டும்.

யார் கைக்காவது என்று அவர் மனைவி சாமுண்டீஸ்வரிதான் சொல்வாள். அவருக்கு அப்படி இல்லை. ஓட்டுகிறவன் கைக்குத்தான் போக வேண்டும், உடைக்கிறவன் கைக்குப் போகக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையால் இரண்டு வாரத்தில் ஆறு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறப்பகூட நீங்க இவ்ளோ கேள்வி கேக்கல" என்று அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே சொன்னாள் மனைவி. அது உண்மைதான்.

பதினொரு மணிக்கு கிரீஷ் என்று ஒருவன் மேடவாக்கத்திலிருந்து வந்தான். மிட்சுபிஷி முதலில் கப்பல் கம்பெனியாக ஆரம்பித்தது என்று ஏகநாதன் தொடங்கியதுமே, மைலேஜ் எவ்வளவு என்று கேட்டான். எழுபத்து நாலிலேயே ஆப்பிரிக்கக் காட்டு ராலி பந்தயத்தில் லான்சர் ஜெயித்ததைச் சொல்லி முடிப்பதற்குள், ரிவர்ஸ் கேமரா இல்லையா என்றான். அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம் போனும் அடிக்கவில்லை. வண்டியைத் துடைப்பதும், தெருமுனையைப் பார்ப்பதும், பொசுக்கென்று கோபம் வந்து துணியை வீசுவதுமாக மத்தியானம் வரை பொழுதை ஓட்டினார். திருவள்ளூர் தொழிற்சாலையில் செய்த வண்டி, ஒரு நாள்கூட அவரை நடுரோட்டில் நிறுத்தியதில்லை. ஆர்.சி.யைக்கூடப் போன வருஷம்தான் புதுப்பித்திருந்தார். இதைப் போய்க் கிலோ கணக்கில் கேட்கிறார்களே என்று நினைக்கையில் அழுகையே வந்தது.

மூன்று மணிக்கு வந்தவன் பெயர் ஜெபகுமார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வண்டிப் பக்கமே போனான்.

வழக்கம்போல ஏகநாதன் கப்பல் கம்பெனியில் ஆரம்பித்தார். "மிட்சுன்னா மூணு, அதான் சார் லோகோல மூணு வைரம்" என்று அவன் முந்திக்கொண்டான். ராலி ஜெயித்த வருஷத்தையும் அவனே சொன்னான். ஏகநாதனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாமுண்டீஸ்வரிக்குக் குரல் கொடுத்துக் காபி போடச் சொன்னார்.

அவன் பார்த்த விதமே வேறு. நாலு கதவையும் திறந்து மூடினான், கண்ணாடிகளின் ஓரத்தில் இருந்த கம்பெனி முத்திரையைப் படித்தான், பின்பக்க விளக்குகளை செல்போன் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். டேஷ்போர்டில் ஒரு விரிசல்கூட இல்லை என்று கண்டதும் அவன் கண் கலங்கிவிட்டது. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள் என்று ஏகநாதன் சாவியை நீட்டினார். வேண்டாம், பார்த்தாலே தெரிகிறது என்று சொல்லிவிட்டான். கோயிலில் நிற்பவனைப் போல நிற்கிறானே என்று அவர் பூரித்துப் போனார்.

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"தம்பி, வாங்கிட்டுப் போய் பார்ட் பார்ட்டா வித்துட மாட்டீங்களே?"

"விக்கிறதா? இதுல இருந்து ஒரு ஸ்க்ரூ கூட வெளிய போகாது சார். என் பசங்க மேல சத்தியம்."

விலை பேசவே இல்லை. கேட்டதைக் கொடுத்தான், படிவங்களில் ஏகநாதன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடாதவர் அன்று ராத்திரி வயிறாரச் சாப்பிட்டதாகச் சாமுண்டீஸ்வரி மகளுக்குப் போனில் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார் ஏகநாதன். புதுக் கையில் வண்டி நல்லபடியாக ஓட வேண்டும் என்று கற்பூரமும் காட்டினார். அப்போதுதான் பழுதான வண்டிகளை ஏற்றிப் போகும் ரெக்கவரி லாரி ஒன்று தெருவில் திரும்பியது, முன் சீட்டில் ஜெபகுமார்.

ஏகநாதனுக்குச் சுருக்கென்றது. "நல்லா ஓடுற வண்டிய எதுக்குத் தம்பி லாரில ஏத்தணும்? பழத்து மேல ஏத்தி நீங்களே ஓட்டிட்டுப் போங்க" என்று சாவியை அவன் கையில் வைத்து அழுத்தினார்.

ஜெபகுமார் சாவியைப் பார்த்தான், மாலையைப் பார்த்தான். பிறகு குனிந்து, நாலு எலுமிச்சம்பழத்தையும் நசுங்காமல் எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"ஸ்பேர் கிடைக்காம ரெண்டு வருஷமா என் லான்சர் வீட்ல நிக்குது சார், இதப் பிரிச்சுதான் அத ஓட வைக்கணும்."