நகச்சுற்று

பதினோரு வருஷமாக எட்டிப்பார்க்காத அண்ணன் வேலாயுதம் வாசலில் வந்து நின்றபோது, சொர்ணம் இடது கைப் பெருவிரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பழத்தைக் கழற்றிக் காட்டினாள். நகச்சுற்று. நகக்கண் சிவந்து, ஓரத்தில் சீழ் கோத்து, விண்விண்ணென்று தெறித்தது. அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. “இத இப்படியா விடுறது தாயி?” என்று பதறி, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போய்ச் சீழைக் கீறி எடுக்க வைத்தான். அதன்பிறகு தினமும் வந்தான். வெந்நீரில் விரலை முக்கிப் பிடித்தான், மருந்து தடவி ஊதிவிட்டான், மாத்திரையை அவள் விழுங்கும்வரை எதிரிலேயே நின்றான். பாத்திரத்தைக்கூட அவனே தேய்த்தான். புருஷன் செத்ததற்கும் வராதவன் என்பதைச் சொர்ணம் மறந்தே போனாள். ஒன்பதாம் நாள் வீக்கம் வடிந்திருந்தது. வேலாயுதம் விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ரேகை நல்லாத் தெரியுது” என்றான். பிறகு பையிலிருந்து பத்திரத்தை எடுத்தான். “அப்பா வீட்டுல உனக்குப் பங்கு வேண்டாம்னு எழுதியிருக்கு. நாளைக்கு ரிஜிஸ்தர் ஆபீஸுல இந்த விரல வச்சிட்டாப் போதும் தாயி.”

“அதுக்கென்ன அண்ணே” என்ற சொர்ணம், ஆறிய விரலை வாயருகே கொண்டுபோய், நகத்தோரத்துப் புதுத்தோலைப் பல்லால் கவ்வி அடிவரைக்கும் உரித்தாள்.