கண் மூடிய லேயர்

“அப்பா படம் சின்னதா இருந்தாலும் பரவாயில்லை மேடம். என் படம் தெருமுனையிலேர்ந்தே தெரியணும்” என்றார் மூத்த மகன்.

டிசைனர் பெண் பெரிதாக்கினாள். இருபதடி பேனர். மகனின் மூக்கு மட்டுமே ஒரு ஜன்னலை அடைக்கும். எண்பதாவது பிறந்தநாள் என்னவோ அப்பாவுக்குத்தான்.

கூடப்பிறந்தவர்கள் இல்லையா என்று கேட்டுவைத்தாள். தம்பி ஒருத்தன் இருக்கிறானாம். வீட்டைப் பிரித்ததில் பேச்சே நின்றுபோச்சாம். பேனரில் அவன் தலை தெரிந்தால் விழாவுக்கே வரமாட்டேன் என்று அப்பாவிடம் கறாராகச் சொல்லியாயிற்றாம்.

அப்பா படம் இருந்த ஃபைலை அப்பாவின் கம்ப்யூட்டரிலிருந்து அப்படியே பென்டிரைவில் எடுத்து வந்திருந்தார் மகன். அதன்மேல்தான் பூ, பலூன், மூக்கு எல்லாம் ஏற்றியிருந்தாள்.

அச்சுக்கு அனுப்புமுன் லேயர்களை ஒருதடவை பார்ப்பது அவள் வழக்கம். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின மாதிரி இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு லேயர் மறைந்து கிடந்தது. அதன் பக்கத்திலிருந்த கண் அடையாளம் மூடியிருந்தது.

மேலே இருந்ததையெல்லாம் மறைத்துவிட்டு அதை அழுத்தினாள்.

அதே அப்பா. கறுப்பு வெள்ளையில். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“உயிரோட இருக்கறவருக்கா சார்?”

மகனுக்கு முகம் வெளுத்தது. “சத்தியமா எனக்குத் தெரியாது மேடம். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர்ல சீட்டாட மட்டும்தான் தெரியும். இது தம்பிப்பய வேலை. பெத்தவர் எப்போ போவார்னு காத்துக்கிட்டிருக்கான் பாருங்க.”

காரில் உட்கார்ந்து அலுத்துப்போன அப்பா, அந்த நேரம் பார்த்தா உள்ளே வரவேண்டும்? மகன் பதறிப்போய்த் திரையை மறைத்துக்கொண்டு நின்றார்.

“நகருடா. நான் செஞ்சதுதான் அது. எத்தனை நாளைக்குத்தான் சீட்டே ஆடறது? கீழே தள்ளிக் காட்டும்மா.”

தள்ளினாள். அடியில் இரண்டு மகன்களும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். தம்பி தோளில் அண்ணன் கை.

இரண்டு வேறு படங்களிலிருந்து வெட்டி, கையைத் தனியாக ஒட்டியிருந்தது அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. நல்ல ஒட்டு.



“பிறந்தநாளுக்கு இந்தப் படத்தைப் போட்டா வரமாட்டேன்னுட்டே” என்றார் அப்பா. “இதுக்கு வந்துதானே ஆகணும்.”